சுண்டிப்போன கடல்

என் மகள் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், தோளில் இருந்த பையைக்கூடக் கழற்றாமல் கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அன்றைக்குக் காலை ஷிப்ட். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகரம் வெட்டி வளைக்கும் ஒரு கம்பெனியில் பிட்டராக இருந்தேன். வேலை முடிந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் ஊர் கோவில்பதாகை வந்து இறங்கினால், என் மனைவி வாசலிலேயே நிற்கிறாள்.

"உன் பொண்ணு இனிமே ஸ்கூலுக்குப் போவாதாம். இன்னா ஏதுன்னு நீயே கேளு."

கேட்டேன். அழுகையும் கோபமுமாகக் கொட்டினாள். அறிவியல் வகுப்பில் டீச்சர், ஒன்றுக்கொன்று உதவி செய்துகொண்டு வாழும் உயிர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இவள் எழுந்து, "கடலுக்குள்ள ஒரு பூ இருக்கு டீச்சர். எந்த மீன் கிட்டப் போனாலும் ஒட்டிக்கிட்டுச் செத்துப்போயிடும். ஒரே ஒரு ஆரஞ்சுக் கலர் மீன் மட்டும் அந்தப் பூவுக்குள்ளயே குடியிருக்கும்" என்று சொல்லியிருக்கிறாள்.

"யார் சொன்னது?" என்று டீச்சர் கேட்டாராம்.

"எங்க மாமா."

வகுப்பே சிரித்துவிட்டது. பூ எங்கேயாவது மீனைத் தின்னுமா, வீட்டில் கேட்கிற கதைகளை வகுப்பில் சொல்லக் கூடாது என்று சொல்லி டீச்சர் உட்கார வைத்துவிட்டார். மணி அடிப்பதற்குள் அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தாகிவிட்டது. பீலா. எங்கள் பக்கத்தில் பீலா விடுவது என்றால் இல்லாததைப் பெருமையாக அளந்துவிடுவது. அவளுடைய பெயரையே விட்டுவிட்டு, "ஏ பீலா, தண்ணி குடிக்க வர்றியா?" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்களாம்.

இதற்கெல்லாம் காரணமான மாமா யாரென்றால், என் மனைவியின் தம்பி. ரயில் தபால் வண்டியில் கடிதம் பிரிக்கும் வேலை. எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் வரை போவான், வருவான். வரும்போதெல்லாம் கருவாட்டோடு கதையும் கொண்டுவருவான். பாம்பனில் பஸ் நீளத்துக்கு மீன் பார்த்தேன் என்பான். ஆமை ஒன்று தன்னை முறைத்தது என்பான். அவன் சொல்வதில் பாதிக்குமேல் புளுகு என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். பெண் சொன்னது நிஜமா, மச்சான் விட்ட பீலாவா என்று எனக்கே தெரியாதே!

அடுத்த முறை அவன் வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"மச்சான், சத்தியமா சொல்லு. அந்தப் பூ கீதா, இல்லியா?"

"கீது மாமா."

"பஸ் நீளத்துக்கு மீனு?"

"அது சும்மா வுட்டேன்."

"ஆமை மொறைச்சது?"

"அதுவும் சும்மாதான். இது மட்டும் நெசம் மாமா. மண்டபம் ஊர்க் கடல்ல பாறையாண்ட இடுப்பளவு தண்ணியில நின்னு என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"அப்போ கொண்டா."

"இன்னாத்த?"

"பூவையும் மீனையும். உசுரோட."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் முறத்தில் அரிசி புடைத்தபடியே, "அதான் சொல்டாரே, கொண்டா. வாய் மட்டும் ராமேஸ்வரம் வரைக்கும் நீளுது இல்ல?" என்றாள்.

நான் எட்டாம் வகுப்புக்குமேல் படித்ததில்லை. பள்ளிக்கூடத்து வராண்டாவில் போய் நிற்கவே கூச்சமாக இருக்கும். இருந்தும் ஒரு மத்தியானம் லீவு சொல்லிவிட்டுப் போனேன். டீச்சர் நல்ல மனுஷி. பிள்ளையைக் கேலி செய்ய நினைக்கவில்லை என்றார். நான், "நம்பணும்னு கேக்கல டீச்சர். கண்ணால காட்டறேன். எங்க வூட்டுக்குப் புள்ளைங்கள ஒரு தரம் கூட்டினு வருவீங்களா?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, முழுப் பரீட்சைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை கூட்டி வருவதாகச் சொன்னார். இதை வகுப்பிலும் சொல்லிவிட்டார். அதோடு என் மகள் மறுபடி பள்ளிக்கூடம் போனாள். ஆனால் பட்டப்பெயர் போகவில்லை. அந்தச் சனிக்கிழமை தொட்டியில் மீன் இருந்தால் அவள் சொன்னது உண்மை. செத்துக் கிடந்தால், பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் அவள் பீலாதான். எனக்கு வேறு கணக்கு எதுவும் இல்லை. பொங்கல் முடிந்த வாரமே வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் தொட்டி. இப்போது மாதிரி ஒட்டி வைத்த கண்ணாடித் தொட்டியெல்லாம் அன்றைக்குக் கடையில் கிடைக்காது. இரும்பு ஆங்கிளில் சட்டம் பற்றவைத்து, கண்ணாடி இறக்கி, மக்கு வைத்து அடைப்போம். வண்ண மீனுக்கு அது போதும். உப்பு நீர் அப்படியில்லை. நான் செய்த முதல் தொட்டியில் சோதனைக்கு உப்பு கரைத்து ஊற்றி வைத்தேன். ஒரு வாரத்தில் சட்டம் துருப்பிடித்து, மக்கு பொலபொலவென்று உதிர்ந்து, கூடம் முழுக்கத் தண்ணீர்.

"மீன் வர்றதுக்கு முன்னாடியே நம்மள நீச்சல் கத்துக்கச் சொல்றியா?" என்றாள் மனைவி, தரையைத் துடைத்துக்கொண்டே.

வழி சொன்னவர் எங்கள் கம்பெனி லாரி டிரைவர். துறைமுகத்திலிருந்து தகரம் ஏற்றி வருபவர். ராயபுரத்துக்காரர்.

"மக்கு வாணாம் அண்ணாத்தே. மீன்புடி போட்டுல ஓட்டையை இன்னாத்தப் போட்டு அடைக்கிறான்? குங்கிலியம். எண்ணெயில காச்சி உள்பக்கமா பூசு. கடலே நக்கினாலும் ஒண்ணும் ஆவாது."

குங்கிலியத்தை இடித்து எண்ணெயில் காய்ச்சி, கண்ணாடி சேரும் மூலைகளில் சூடாக இழுத்தேன். இரும்பு துளிகூட வெளியே தெரியாதபடி மூடினேன். காய்ச்சிய அன்றைக்கு வீடெல்லாம் கோயில் வாசனை. எதிர்வீட்டுக்காரர் வந்து, "இன்னா பூஜை?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்தது தண்ணீர். அதற்கும் அதே டிரைவர்தான்.

"ஹார்பராண்ட மோந்தா ஆயிலு மெதக்கும். கட்டுமரக்காரன்கிட்ட சொல்லி அலைக்கு அந்தாண்ட மொள்ளச் சொல்றேன். ஆனா ஒண்ணு கேக்கறேன் அண்ணாத்தே. ஊரே குடிக்கத் தண்ணி இல்லாம குடத்தத் தூக்கினு அலையுது. நீ குடிக்க முடியாத தண்ணிக்கு அலையிறியே, இன்னா இது?"

பிளாஸ்டிக் குடம் அப்போதுதான் எங்கள் பக்கம் வர ஆரம்பித்திருந்தது. பித்தளைக் குடத்தில் கடல்நீரை வைத்தால் செம்பு கரைந்து மீனுக்கு விஷமாகும் என்று மூர் மார்க்கெட்டில் மீன் விற்பவர் எச்சரித்திருந்தார். அதனால் பிளாஸ்டிக் குடங்களையே லாரியில் அனுப்பினேன். தொட்டிக்கு அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தகடு, அதன்மேல் கிளிஞ்சல் கலந்த கடல்மணல். காற்றடிக்கும் சின்ன மோட்டார் ஒன்றும் மூர் மார்க்கெட்டிலேயே வாங்கினேன். கிழக்கு ஜன்னலோரம் தொட்டியை வைத்து, மீன் இல்லாமல் வெறும் தண்ணீரையே பல வாரம் ஓடவிட்டேன். புது மணலில் உடனே மீனை விட்டால் அதன் கழிவே அதைக் கொன்றுவிடும் என்றும் அந்தக் கடைக்காரர் சொல்லியிருந்தார். தெருவே வந்து வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனது. நான் கண்டுகொள்ளவில்லை.

பெரிய தொல்லை கரண்ட். அந்த வருஷங்களில் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மோட்டார் நின்றால் தண்ணீரில் காற்று இருக்காது, மீன் மூச்சுமுட்டிச் சாகும். இதற்கு நான் கண்டுபிடித்த வழியைச் சொல்கிறேன் பிள்ளைகளே, சிரிக்காதீர்கள். டிரைவரிடம் ஒரு பழைய லாரி டியூப் வாங்கினேன். அதில் காற்றை நிரப்பி, வாய்க்கு ஒரு மெல்லிய குழாயை மாட்டி, காற்று பொட்டுப் பொட்டாக வெளியேறும்படி திருகு ஒன்றை வைத்தேன். கரண்ட் போனதும் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், தொட்டிக்குள் குமிழி வந்துகொண்டே இருக்கும். டியூபில் காற்றை அடித்து நிரப்பி வைப்பது என் மகளின் வேலை. சைக்கிள் பம்பை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு அடிப்பாள்.

மாசி மாதத்தில் ஒரு காலை, மச்சான் பால்கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வண்டியில் வரும்போது ஒரு கை கடிதம் பிரிக்க, ஒரு கை கேனுக்குள் தண்ணீரை அலசிக்கொண்டே வந்ததாம்.

"இது பீலா இல்லியே?" என்றேன்.

"மாமா, உன் பொண்ணு மேல சத்தியமா இல்ல."

கேனில் இரண்டு மீன்கள் இருந்தன. ஒன்று ஏற்கெனவே செத்து மல்லாந்திருந்தது. இன்னொன்று கட்டைவிரல் நீளம், பழுத்த பப்பாளி நிறம், குறுக்கே வெள்ளைப் பட்டை. புத்தகத்தில் இதற்குக் கோமாளி மீன் என்று பெயர் போட்டிருக்கிறது. அடியில் ஒரு கல். கல்லில் ஒட்டிக்கொண்டு பழுப்பாக, சுருங்கி, என்னவோ ஒன்று.

"இதுக்கா இம்மாம் ஆர்ப்பாட்டம்? கிழிஞ்ச கரித்துணி மாதிரி கீதே" என்றாள் மனைவி.

தொட்டித் தண்ணீரைக் கேனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கி, பிறகு மீனையும் கல்லையும் உள்ளே விட்டோம். மத்தியானத்துக்குமேல் அந்தக் கரித்துணி மெல்ல உப்ப ஆரம்பித்தது. விரல் விரலாக நீட்டியது. ஒவ்வொரு விரல் நுனியிலும் இளம் ஊதா. சாயங்காலத்துக்குள் ஒரு பெரிய சாமந்திப்பூ தண்ணீரில் ஆடுகிற மாதிரி விரிந்து நின்றது. கடல் சாமந்தி என்று அதற்குச் சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது பூவே இல்லை. வாயும் வயிறும் உள்ள பிராணி. அதன் விரல்களில் கண்ணுக்குத் தெரியாத முட்கள் உண்டு. பட்டால் சின்ன மீன் துடித்துப்போகும்.

கோமாளி மீன் நேராக உள்ளே நுழைந்துவிடும் என்று நினைத்தோம். இல்லை. முதலில் வாலால் தொட்டுவிட்டு ஓடியது. திரும்பி வந்து வயிற்றை லேசாக உரசியது. மறுபடி ஓட்டம். குளிர்ந்த தண்ணீரில் இறங்கப் பயப்படுகிறவர்கள் காலை நனைத்து நனைத்துப் பார்ப்பார்களே, அதுபோல. மறுநாள்தான் உள்ளே புரண்டு படுத்தது. என் மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, "நைனா, அது வூட்டுக்குப் பூட்ச்சு" என்றாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, வெயில் ஏறும் வரை. பங்குனி பிறந்ததும் தொட்டியில் தண்ணீர் சட்டென்று குறைய ஆரம்பித்தது. குறையக் குறைய நான் குடத்தில் வைத்திருந்த கடல்நீரை ஊற்றினேன். குறைந்தது கடல்நீர், ஊற்றுவதும் கடல்நீர், இதில் என்ன தப்பு? தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்ததைத் துணியால் துடைத்தேன். கோணிச்சாக்கை நனைத்துச் சுற்றினேன். இருந்தும் சாமந்தி நாளுக்கு நாள் சுருங்கியது. மீன் தின்னாமல் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. நறுக்கிப் போட்ட இறால் அப்படியே கிடந்து நாறியது. டீச்சர் சொன்ன சனிக்கிழமை அடுத்த வாரம். மகள் பள்ளிக்கூடம் போகும் முன் ஒரு தரம் பார்ப்பாள், வந்ததும் ஒரு தரம் பார்ப்பாள். அவ்வளவுதான்.

அந்த வாரம் எனக்கு ஓவர்டைம். கிளம்பும்போது மனைவியிடம், "தொட்டியில கொறஞ்சா உப்புத் தண்ணி ஊத்திடு" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் உப்புத் தண்ணி என்றால் கடல்நீர் இல்லை. கிணற்றுத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. குளிக்கவும் பாத்திரம் தேய்க்கவும் உப்புத் தண்ணி, குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வருகிற நல்ல தண்ணி. எந்த வீட்டிலும் இரண்டும் தனித்தனியாக இருக்கும். இத்தனை மாதமாக நானும் கடல்நீரை உப்புத் தண்ணி என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஊற்றுவது எப்போதும் என் கை. அவளிடம் அந்த வேலையை விட்டது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது. கடல்நீர்க் குடம் மூடியபடி அப்படியே இருந்தது.

"எந்தத் தண்ணிய ஊத்தின?"

"நீ சொன்னதத்தான். உப்புத் தண்ணி. கெணத்துல ரெண்டு குடம் சேந்தி ஊத்தினேன்."

"அடிப்பாவி! கெணத்துத் தண்ணியா? கடல் மீனு அது! போச்சு, எல்லாம் போச்சு!"

"தோ பார்யா, கத்தாத. உப்புத் தண்ணின்னு சொன்னியா, இல்லியா? கடல் தண்ணின்னு உன் வாயில வந்துச்சா?"

"உப்புத் தண்ணின்னா தெரியாதா உனக்கு?"

"தெரியும். நான் பொறந்ததுலேர்ந்து குளிக்கிற தண்ணி."

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டியூபுக்குக் காற்றடிக்கப் போய்விட்டாள். கரண்ட் இருந்தது. அவளுக்கு ஏதாவது செய்தாக வேண்டும், அவ்வளவுதான். நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

காலையில் அவள்தான் எழுப்பினாள். "நைனா, வந்து பாரு."

சாமந்தி விரிந்திருந்தது. பல நாளாகப் பார்க்காத அளவுக்கு உப்பி, ஊதா நுனிகளை நீட்டிக்கொண்டு நின்றது. மீன் அதற்குள் படுத்திருந்தது. இறால் துணுக்கைப் போட்டேன். வெடுக்கென்று வந்து கவ்விக்கொண்டு உள்ளே ஓடியது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கிணற்றுத் தண்ணீரில் கடல் மீன் எப்படிப் பிழைக்கும்? மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நேற்றைய கோபம் இன்னும் இருந்தது.

"ஏன்யா, ரசம் கொதிச்சு சுண்டிப் போச்சுன்னா இன்னா பண்ணுவ?"

"தண்ணி ஊத்துவேன்."

"ரசத்துமேல மறுபடியும் ரசமா ஊத்துவ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெயிலில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு எங்கேயும் போகாது. அது தொட்டியிலேயே தங்கிவிடும். அதன்மேல் நான் கடல்நீரை ஊற்ற ஊற்ற உப்பு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. விளிம்பில் படிந்த வெள்ளையைத் தினமும் துடைத்தேனே தவிர, அது ஏன் வந்தது என்று யோசிக்கவில்லை. என் வீட்டுக் கடல் சுண்டிப்போயிருந்தது. அவள் அதில் தண்ணீர் விட்டிருக்கிறாள்.

"தெரிஞ்சா ஊத்தின?" என்று கேட்டேன்.

"தெரியாமத்தான் ஊத்தினேன். காலையில ரசத்தப் பாத்ததும் தோணுச்சு. அதுக்காக இப்ப பீலா வுடணுமா?" என்றாள். மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

அன்றைக்கே சின்ன ஹோமியோபதிக் குப்பி ஒன்றில் ஈயக்குண்டு போட்டு மூடி, புதுக் கடல்நீரில் மிதக்கவிட்டு, அது நிற்கிற மட்டத்தில் சாயக்கோடு போட்டேன். தொட்டியில் விட்டுப் பார்த்தால், கோடு இன்னும் தண்ணீருக்கு மேலேயே நின்றது. உப்பு அதிகமானால் குப்பி உயரும். ஆக, அவள் ஊற்றியும் உப்பு இன்னும் கூடத்தான் இருந்தது. அதற்குப் பிறகு குழாய்த் தண்ணீரையே பிடித்து, பிளீச்சிங் பவுடர் வாடை போக வெயிலில் வைத்து, தினம் கொஞ்சமாக ஊற்றினேன். கோடு மெல்ல இறங்கித் தண்ணீர் மட்டத்துக்கு வந்தது. வெள்ளிக்கிழமை காலை மகளிடம், "நாளைக்கு வரச் சொல்லு" என்றேன்.

சனிக்கிழமை டீச்சர் பிள்ளைகளை வரிசையாக ஏரிக்கரை வழியே நடத்தியே கூட்டி வந்தார். எங்கள் கூடம் அத்தனை பேரைத் தாங்காது. பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே. மச்சானும் வந்து, தாய்மாமன் முறைக்கு மல்வேட்டி கட்டிக்கொண்டு நின்றான். அவன் வாயைத் திறக்கும் முன்பே மகள், "மாமா, நீ ஒண்ணும் பேசாத" என்று சொல்லிவிட்டாள்.

சாமந்தி விரிந்திருந்தது. மீன் அதற்குள் நுழைந்தது, வந்தது, மறுபடி நுழைந்தது. டீச்சர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே குனிந்தார்.

என் மகள் டீச்சரைப் பார்த்து, "நான் பூன்னு சொன்னது தப்பு டீச்சர். பூ மீனைத் தின்னாதுன்னு நீங்க சொன்னது சரி. இது பூ இல்ல, பிராணி" என்றாள்.

டீச்சர் அவள் தலையில் கை வைத்தார். "நானும் முழுசாக் கேட்டிருக்கணும்மா" என்றார்.

பட்டப்பெயரை முதலில் வைத்த பெண் முன்வரிசையில் நின்றிருந்தாள். அவள் அவ்வளவு சீக்கிரம் விடுகிறவளாகத் தெரியவில்லை.

"இது ஒட்டும்னியே, எங்க ஒட்டுது? சும்மா ஆடிகினு கீது."

"கைய கழுவினு வா. வெரல வெச்சுப் பாரு."

அந்தப் பெண் கழுவிவிட்டு வந்து ஒரு விரலை மெல்ல இறக்கினாள். ஊதா நுனிகள் பட்டதும், "ஐயோ, புடிக்குதுடி!" என்று கத்திக்கொண்டே கையை இழுத்துக்கொண்டாள். பிறகு விரலைப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி வைத்தாள். இந்தத் தடவை எடுக்கவில்லை. உடனே எல்லோரும் நான், நான் என்று நெருக்க, மகள் தொட்டிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு, "ஒருத்தர் தொட்டாச்சு, போதும். அதுக்கு வலிக்கும்" என்று தடுத்துவிட்டாள்.

விரலைத் துடைத்துக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள்: "என்னப் புடிக்குது. அந்த மீன மட்டும் ஏன் புடிக்கல? அது அதோட மீனுன்னு அதுக்குத் தெரியுமா?"

கூடம் முழுக்க என் மகளைப் பார்த்தது. மச்சான் பேச வாயெடுத்தான், நான் அவன் காலை மிதித்தேன்.

"எனக்குத் தெரியல" என்றாள் அவள்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு, இன்னும் நன்றாகப் பார்ப்பதற்காக அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.